ஏழு உடைந்த மூடிகள்

பிள்ளைகள் உடைக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாரத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதுகிறார்கள். ஏதோ ஒரு நாட்டில், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆள், தன் தாய் வீட்டுப் பரணில் பழைய விளையாட்டு விண்கலத்தைக் கண்டெடுத்திருப்பார். பட்டனை அழுத்தினால் உறுமும், இறக்கைகளில் இரண்டு சிவப்பு விளக்குகள் மாறிமாறி எரியும், சாம்பல் நிறக் கலம். அதன் வயிற்றுப் பக்கத்தில் பேட்டரி மூடி இருக்காது. "சின்ன வயதில் நான் பெரிய முரடன், நானே உடைத்திருப்பேன், உங்களிடம் மாற்று மூடி கிடைக்குமா?" என்று கேட்பார். கடைசியில் எமோஜியாக ஒரு சிரிப்புப் பொம்மை.

அந்தச் சிரிப்புப் பொம்மையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீ முரடன் இல்லையப்பா. நீ ஏழு வயதுப் பிள்ளை. பேட்டரி மாற்ற மூடியைத் திறந்தாய், அவ்வளவுதான். அதில் இருக்கும் மெல்லிய நாக்கு, கலத்தின் உடம்பில் 'டிக்' என்று மாட்டிக்கொள்ளும் அந்தச் சிறு துண்டு, பத்துத் தடவை கூடத் தாங்காது. அது தாங்காது என்று தெரிந்தே ஒருவன் நல்லது என்று கையெழுத்துப் போட்டான். அவன்தான் இப்போது உனக்கு மாற்று மூடி செய்து அனுப்புகிறான்.

நான் மலேசியாவில், கோலசிலாங்கூரில் இருக்கிறேன். மலாவத்தி குன்றுக்குக் கீழே, வாடகை வீடு. பின்னறையில் ஒரு மேசை போட்டு இந்த வேலையைச் செய்கிறேன். என் மகள் பல் மருத்துவர். அவளுடைய கிளினிக்கில் பல் அச்சுகள் வார்க்க வைத்திருந்த சிறிய முப்பரிமாண அச்சு இயந்திரத்தை, புதியது வந்தவுடன் எனக்குத் தந்துவிட்டாள். மூடியை அதில் அச்சடிக்கிறேன். பல்லுக்கான பிசின் கெட்டியானது, ஆனால் வளையாது. அதனால் நாக்கை மட்டும் தனியாகச் செய்கிறேன். மின்கம்பிகளைக் கட்டும் நைலான் பட்டை இருக்கிறதே, அதில் தடித்ததாகப் பார்த்து வெட்டி, அராவி, மூடிக்குள் செருகி ஒட்டுகிறேன். நாற்பது ஆண்டுப் பழைய சாம்பல் நிறம் மஞ்சள் ஏறிக் கிடக்கும். அதற்கு ஏற்றபடி வண்ணம் கலந்து பூசுகிறேன்.

ஒருமுறை காயவைத்திருந்த மூடியை ஜன்னலிலிருந்து ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போனது. கடித்துப் பார்த்துவிட்டுக் கால்வாயில் எறிந்தது. இறங்கிப் போய் எடுத்தேன். மூடியில் பல் பதிந்திருந்தது. நாக்கு உடையவில்லை. அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

சென்ற மாதம் ஒருவர் குறை சொல்லி எழுதினார். என் மூடியின் நாக்கு அசலைவிட அரை மில்லிமீட்டர் தடிப்பாக இருக்கிறதாம். சேகரிப்பவர்கள் இதையெல்லாம் அளந்து பார்ப்பார்களாம். அசலுக்கு உண்மையாக இருக்க வேண்டாமா என்று கேட்டிருந்தார்.

அசலுக்கு உண்மை! "ஐயா, அந்த அசல் ஒரு குப்பை. எனக்குத் தெரியும். அதைத் தேர்வு செய்து அனுப்பியவன் நான்தான்" என்று தட்டச்சு செய்தேன். பிறகு அதை முழுவதும் அழித்துவிட்டு, "மன்னிக்கவும், அடுத்த முறை கவனிக்கிறேன்" என்று அனுப்பினேன். எழுபத்திரண்டு வயதிலும் நான் அப்படித்தான்.

நடந்ததைச் சொல்கிறேன்.

என் அப்பா, பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போகும் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, தலைமை எழுத்தர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். எங்களுக்குத் தனி பங்களா, வேலி, வேலிக்குள் மாதுளை. வேலிக்கு அந்தப் பக்கம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம். லயத்துப் பிள்ளைகளோடு நான் விளையாடியதில்லை. விளையாடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. நான் இங்கிலீஷ் பள்ளியில் படித்தேன், டிப்ளோமா வாங்கினேன், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு விளையாட்டுப் பொருள் தொழிற்சாலையில் தரச்சோதனை அதிகாரியாகச் சேர்ந்தேன். அந்தத் தொழிற்சாலை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அங்கேதான் அந்த விண்கலங்கள் செய்யப்பட்டன.

தொழிற்சாலைக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். அப்பா தோட்டத்தில் பேசி, பதினைந்து பெண்களைச் சேர்த்துக் கொடுத்தார். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து தோட்டத்துக் கோயில் முச்சந்திக்கு வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும். ரப்பர் பால்வாளி தூக்காமல், கொசுக்கடி இல்லாமல், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்யும் வேலை. அந்தப் பேருந்து தோட்டத்துக்குள் வந்தபோது கோயில் குருக்கள் அதற்குச் சூடம் காட்டினார். அவ்வளவு பெரிய விஷயம் அது.

அந்தப் பதினைந்து பேரில் ஒருத்திதான் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். அப்பா அம்மா இருவரும் பால் வெட்டுபவர்கள். அவளுடைய வேலை கலத்தைத் திருப்பி, பேட்டரியை வைத்து, விளக்கும் ஒலியும் வருகிறதா என்று பார்த்து, மூடியை மாட்டுவது. நாள் முழுக்க அந்த 'டிக்', 'டிக்'தான்.

பிளாஸ்டிக் வார்க்கும்போது மிஞ்சுகிற கழிவை அரைத்து, புதிய குருணையோடு கலந்து மறுபடி வார்ப்பார்கள். அதற்கு ஓர் அளவு உண்டு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் பொருள் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். அந்த ஆண்டு ஆர்டர் குவிந்தது, குருணை வரத் தாமதமானது. இயந்திரத்தின் தலையில் இருக்கும் கொப்பரைக்குள் நானே எட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் அரைத்த கழிவு. யாரும் என்னிடம் மறைக்கவில்லை.

என் வேலை என்ன? ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து மூடிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஐம்பது முறை கழற்றி மாட்டி, நாக்கு உடைகிறதா என்று பார்த்து, படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்குக் காலைப்பொழுது முழுவதும் போய்விடும். கப்பலுக்கு நேரமாகிறது என்று உற்பத்தி மேலாளர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலைமைச் சோதனையாளர் பதவி காலியாக இருந்தது. படிவத்தில் 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மூடியைக்கூட நான் தொடவில்லை. அந்த வாரம் முழுவதும் அப்படித்தான் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து, நான் வரிசையைச் சுற்றி வரும்போது அவள் எழுந்து நின்றாள்.

"சார், மூடி தானா ஒடையுது சார். நா அழுத்தவே இல்ல. பாருங்க."

என் எதிரில் ஒன்றை மாட்டினாள். மெதுவாகத்தான் மாட்டினாள். நாக்கு உடைந்து மேசையில் விழுந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் கோபம் வந்தது. மற்றப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமாகச் சொன்னேன்: "மங்கு துடைத்த கை இல்லையா? வேறெப்படி இருக்கும்?"

மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டும் கோப்பை. அங்கே இருந்த பெண்களில் பாதிப் பேர் மங்கு துடைத்து வளர்ந்தவர்கள். சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியிருந்தது, பாவம். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இதற்குப் பிறகு அவள் செய்ததைத் தோட்டத்தில் பிறந்த ஒருத்திதான் செய்திருக்க முடியும். தொழிற்சாலையில் முறையிட ஒரு அலுவலகம் இருந்தது, தொழிலாளர் பிரதிநிதி இருந்தார். அவள் அங்கே போகவில்லை. தோட்டத்தில் எந்த வழக்கென்றாலும் காலைப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு முடிந்து ஆட்களை வேலைக்கு அனுப்பிய பிறகு கிராணியிடம் போய்ச் சொல்வார்கள். தண்ணீர்க் குழாய்ச் சண்டையா, மண்டோர் என்கிற கங்காணி ஆள் குறைத்து எழுதிவிட்டானா, எல்லாம் கிராணி ஐயாவிடம்தான். நான் கிராணி ஐயாவின் மகன். ஆகவே என்மேல் உள்ள வழக்கையும் அங்கேயே கொண்டுபோகலாம் என்று அவள் நினைத்தாள். ஐயா பார்த்தால் புரிந்துகொள்வார், மகனைக் கூப்பிட்டுக் கேட்பார். அதற்குச் சாட்சி வேண்டுமே? உடைந்த மூடிகள் ஏழு எடுத்து, கைக்குட்டையில் முடிந்து, காலித் தூக்குச்சட்டிக்குள் வைத்துக்கொண்டு சாயங்காலம் தொழிற்சாலை வாசலுக்கு வந்தாள்.

வாசலில் காவல்காரம்மா ஒவ்வொரு பெண்ணின் பையையும் திறந்து பார்ப்பார். தொழிற்சாலையிலிருந்து ஒரு துண்டுகூட வெளியே போகக்கூடாது, கழிவானாலும் சரி. அச்சைப் பார்த்து யாராவது போலி செய்துவிடுவார்கள் என்று நிர்வாகத்துக்கு அவ்வளவு பயம்.

தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். ஏழு மூடிகள்.

என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் போனபோது பேருந்து உறுமிக்கொண்டு நின்றது, பெண்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

"கிராணி ஐயாகிட்ட காட்டத்தான் சார் எடுத்தேன். ஒங்களுக்குத்தான் தெரியுமே, மூடி ஒடையுதுன்னு அன்னிக்கே ஒங்ககிட்ட சொன்னேனே!"

நிர்வாக அதிகாரி என்னைக் கேட்டார்: "இவள் உங்களிடம் சொன்னாளா?"

"இல்லை," என்றேன்.

அது ஒரே ஒரு சொல்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதிகாரிகளுக்கு வேறு வாசல். எங்கள் பைகளை யாரும் திறந்து பார்த்ததில்லை. அந்த வேலையில் இருந்த காலத்தில் நான் கலத்தின் மூடி, விளக்குக் கண்ணாடி, பட்டன் என்று கை நிறைய நல்ல பாகங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டால் காரணம் இல்லை. அழகாக இருந்தன, எடுத்தேன். இன்று நான் போலி மூடிகளை அளந்து செய்வது அந்த அசல்களை வைத்துத்தான். எந்தக் குற்றத்துக்காக அவளைத் துரத்தினார்களோ, அதை நான் மேசை போட்டு, விளக்குப் போட்டு, தினமும் செய்கிறேன். எனக்குப் பாராட்டுக் கடிதங்கள் வருகின்றன.

அவள் வேலை போனது. திருட்டுக்காக நீக்கப்பட்டவள் என்று அவள் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதோடு முடியவில்லை. அந்தத் தோட்டத்து ஆட்களே வேண்டாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அடுத்த வாரத்திலிருந்து பேருந்து முச்சந்திக்கு வரவில்லை. பதினான்கு பேரும் பால்வாளியைத் திரும்பத் தூக்கினார்கள். பழியெல்லாம் அவள் தலையில் விழுந்தது.

அப்பா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என்னைக் கேட்டார்.

"தம்பி, அந்தப் பெட்டை காலமை என்னட்ட வந்து நிண்டவள். சாமான் தானா உடைஞ்சதோ, அவள்தான் உடைச்சவளோ? உண்மையைச் சொல்லு."

"அவளுடைய கைதான் அப்பா, அழுத்தம் அதிகம்," என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி," என்றார். மறுநாள் பெரட்டில் அவளை மருந்தடிக்கும் கும்பலில் போட்டார். திருடியை வெட்டுக்காட்டில் தனியாக விட முடியாது, பால் களவு போகும் என்பது அவர் கணக்கு. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடிக்கும் வேலை. அப்போதெல்லாம் கையுறை கொடுக்கமாட்டார்கள். அப்பா கெட்டவர் இல்லை என்று இத்தனை நாளும் சொல்லிவந்தேன். இப்போது அதையும் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் என்னை நம்பினார். அவளை நம்பக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை, எனக்கு வேலியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லாதது போலவே.

நான் தலைமைச் சோதனையாளர் ஆனேன். பிறகு வேறு நிறுவனம், வேறு பதவி, ஓய்வு. மனைவி இறந்த பின் இங்கே வந்தேன். மருந்து வாங்க அரசாங்க கிளினிக்குக்குப் போவேன். முதல் முறை போனபோதே அவளைப் பார்த்துவிட்டேன். நாற்பது ஆண்டு கழித்தும் அடையாளம் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டாம் முறையும். மூன்றாம் முறையும்.

மகளிடம் ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன். "விடுங்கப்பா. அதெல்லாம் ஓல்ட் ஸ்டோரி லா. அவங்களுக்கே மறந்திருக்கும்," என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தில் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. நானும் அதையேதான் இத்தனை காலம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரை மில்லிமீட்டர்க்காரர் எழுதிய அதே வாரம் கிளினிக்கில் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"கிராணி ஐயா மகன்தானே?"

திரும்பினேன். அவள்தான்.

"மூணு தடவ மூஞ்சத் திருப்பிக்கிட்டீங்க. கழுத்து வலிக்கல?"

அவள் எண் சீட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் நகம் இல்லை. நகம் இருந்த இடத்தில் தோல் தடித்துக் கிடந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள், கையை மறைக்கவில்லை.

"மருந்தடிச்ச கை. மங்கு தொடச்ச கைகூட இல்ல இது."

அந்த வார்த்தை அவளுக்கு நினைவிருந்தது. அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்துகொண்டே சொன்னாள்: "எஸ்டேட்ட வித்ததும் எங்களுக்குக் கட்டிக் குடுத்த தாமான் வீடுங்க தெரியுமில்ல? கோயிலுக்குப் பின்னால கடைசி வரிசை. வர்றதுன்னா வாங்க. வராட்டி இனிமே மூஞ்சத் திருப்பாதீங்க, நல்லா இல்ல."

மறுநாள் காலை போனேன். ஒரு பையில் விண்கலம், நான் செய்த மூடி ஒன்று, தொழிற்சாலையிலிருந்து நான் எடுத்துவந்த அசல்களில் உடையாமல் மிஞ்சியிருந்த கடைசி மூடி. இந்த மூன்றும் எதற்கு என்று கேட்டால், வெறுங்கையோடு போகப் பயம்.

அவள் வாசல் கூடத்தில் நாற்காலி போட்டாள். நான் கலத்தை எடுத்து வைத்ததும் அதன் விளக்கையோ பட்டனையோ பார்க்கவில்லை. நேராகத் தலைகீழாகத் திருப்பினாள். கட்டைவிரல் மூடி இருக்கும் இடத்துக்குத் தானாகப் போய் நின்றது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன். மூடிகளை நான் சோதிக்கவில்லை. கழிவு கலந்தது எனக்குத் தெரியும். நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். சொல்லவில்லை என்று வாசலில் பொய் சொன்னேன். அப்பாவிடமும் பொய் சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும்.

கேட்டு முடித்தாள். "நில்லுங்க," என்றாள். பக்கத்துச் சுவருக்கு மேலே எட்டி, தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

"ஏய், ரெண்டு பேரும் வாங்கடி இங்க! பஸ்ஸ நிறுத்துனவரு வந்திருக்காரு!"

அடுத்தடுத்த வீடுகளிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவரும் அந்தப் பேருந்தில் வந்தவர்கள்தான். ஒருத்தி உயரமானவள். இன்னொருத்தி கைத்தடி ஊன்றி வந்தாள்.

"இப்ப திரும்பச் சொல்லுங்க," என்றாள் அவள், என்னிடம்.

திரும்பச் சொன்னேன். முதல் முறை சொன்னபோது மனசு லேசானது மாதிரி இருந்தது. இரண்டாம் முறை அப்படி இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உயரமானவள் கேட்டாள்: "அப்ப அது இவ கை இல்லியா?"

கைத்தடிக்காரி சிரித்துவிட்டாள். "நடிக்காத லா! ஒன் கையில எத்தன ஒடஞ்சுச்சு?"

உயரமானவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லேன்டி. பெஞ்சுக்கு அடியில ஒரு சந்து இருக்கும், அதுக்குள்ள தள்ளி விட்டுருவோம். நீயும் தள்ளுன, நானும் தள்ளுனேன். எல்லாரும்தான் தள்ளுனோம்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு கணம் குளிர்ந்தது. ஆக, தெரிந்தும் பேசாமல் இருந்தவன் நான் மட்டும் இல்லை. அந்தக் குளிர்ச்சியை நான் உணர்ந்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் செய்த எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவர்கள் பேசாமல் இருந்தது பேருந்து நின்றுவிடுமோ என்ற பயத்தில். எனக்கு என்ன பயம்?

அவள் அந்த இரண்டு பேர் பக்கமும் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். அப்பறம் என்னாத்துக்குடி பஸ் நின்ன அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்துனீங்க?"

கைத்தடிக்காரியின் சிரிப்பு நின்றது. "கோவத்துல செஞ்சது," என்றாள், தரையைப் பார்த்தபடி. "யார் மேல கோவப்படறதுன்னு தெரியல. நீதான் பக்கத்துல இருந்த."

வெளியே ஐஸ்கிரீம் மோட்டார்சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

அவள் கலத்தை என் முன்னால் தள்ளினாள்.

"அந்த சோதன என்னான்னு சொன்னீங்க?"

"ஐம்பது முறை கழற்றி மாட்ட வேண்டும்."

"செய்ங்க."

நான் செய்த மூடியை மாட்டினேன், கழற்றினேன். கைத்தடிக்காரி எண்ணினாள். இருபதுக்கு மேல் என் கட்டைவிரல் வலிக்கத் தொடங்கியது. முப்பதில் நிறுத்தி விரலை உதறினேன். "நாங்க ஒரு நாளைக்கு எத்தன மாட்டுனோம்னு நெனச்சீங்க?" என்றாள் உயரமானவள். தொடர்ந்தேன். ஐம்பதாவது முறையும் 'டிக்' என்று மாட்டிக்கொண்டது.

"பையில இன்னொன்னு இருக்கே," என்றாள் அவள்.

அது அசல் என்றேன். அது எப்படி என்னிடம் வந்தது என்று கேட்டாள். சட்டைப் பையில் போட்டு எடுத்து வந்தேன், எங்களை யாரும் சோதிப்பதில்லை என்றேன்.

முதல் முறையாக அவள் சிரித்தாள். அதைக் கேட்பதைவிட அவள் என்னை அடித்திருந்தாலே தேவலை.

"நா ஒடஞ்சத எடுத்தேன், திருடி. நீ நல்லத எடுத்துக்கிட்டுப் போயிருக்க, சார்."

அப்போதுதான் 'நீங்கள்' போனது. பிறகு திரும்பி வரவேயில்லை.

"மாட்டு."

மாட்டினேன். ஒன்பதாவது முறை நாக்கு உடைந்து தரையில் விழுந்தது. நான் உடனே, நாற்பது ஆண்டு ஆனால் எந்தப் பிளாஸ்டிக்கும் காய்ந்துவிடும், இதை மட்டும் வைத்து எதையும்... என்று தொடங்கினேன். சொன்னது உண்மைதான். ஆனால் எதற்காகச் சொன்னேன்?

"வாய மூடு," என்றாள்.

மூடினேன். அவள் குனிந்து அந்தத் துண்டை எடுத்து, நகமில்லாத விரல்களுக்கிடையில் பிடித்து, மற்ற இருவருக்கும் காட்டினாள். "இதத்தான் நா கொண்டு போனேன்," என்றாள். அவர்கள் பார்த்தார்கள். உயரமானவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அழாத. எரிச்சலா வருது," என்று அவளையும் அதட்டினாள்.

பிறகு என்னிடம் சொன்னாள்: "மன்னிக்கறதெல்லாம் எனக்குத் தெரியாது. நா கேக்கறது ஒன்னுதான். எம்பேர போர்ட்ல போட்டாங்க. ரெண்டு மாசம் தொங்குச்சு. மத்த எஸ்டேட்டுப் புள்ளைங்க அதப் படிச்சிட்டு வந்து கடத்தெருவுல எங்கம்மாகிட்ட கேட்டாங்க. கோயில்ல ஒரு போர்ட் இருக்கு. இப்ப சொன்னத தமிழ்ல எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டு. ரெண்டு மாசம்."

அன்றே எழுதினேன். எட்டு வரி. நான் யார், யார் மகன், எதைச் சோதிக்காமல் தேறியது என்று எழுதினேன், யார் என்னிடம் உண்மையைச் சொன்னார், நான் என்ன பொய் சொன்னேன், பேருந்து நின்றது யாரால். கோயில் செயலாளர் படித்துவிட்டு நெளிந்தார். "இதெல்லாம் ஒட்டற போர்ட் இல்ல சார் இது. திருவிழா நோட்டீஸ், சாவு நோட்டீஸ் இதுக்குத்தான்." உயரமானவள் பின்னால் நின்றிருந்தாள். "நாப்பது வருசமா செத்துக் கெடக்கற நோட்டீஸுதான்யா இது, ஒட்டு!" என்று அவரை விரட்டினாள். திருவிழா உபயப் பட்டியலுக்கும் ஒரு கருமாதி அறிவிப்புக்கும் நடுவில் அது ஒட்டப்பட்டது.

அன்று வீட்டுக்கு வந்து அரை மில்லிமீட்டர்க்காரருக்கும் எழுதினேன். அசல் நாக்கு உடைந்ததற்கு நானே காரணம், ஆகையால் என் மூடியின் நாக்கு தடிப்பாகத்தான் இருக்கும், வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று. பதில் வரவில்லை. மூடியும் திரும்பி வரவில்லை.

பலகைக்குக் கூரை கிடையாது. முதல் வாரத்திலேயே மழை வந்து எழுத்தெல்லாம் வழிந்துவிட்டது. மறுபடி எழுதிக்கொண்டு போனேன். மூன்றாம் வாரம் யாரோ பாதியைக் கிழித்திருந்தார்கள், மறுபடி எழுதினேன். அச்சடித்து ஒட்டலாமே என்று மகள் கேட்டாள். அவளிடம் சொன்னேன்: வேண்டாம், அன்று போட்டதும் கையெழுத்துதான். இந்தத் தடவை தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நான்கு மூலையிலும் ஆணி குத்தினேன். இது ஐந்தாம் வாரம்.

நான் குத்தி முடிக்கும்வரை அவள் நகமில்லாத விரல்களை மடியில் கோத்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு ஓரடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

"கோணலா இருக்கு. கழட்டி மறுபடி குத்து," என்றாள்.

கழற்றினேன்.